அண்ணன் விற்ற கார்

பாரிசவாதம் வந்த பிறகு என் கணவருக்கு மிஞ்சியது ஒரே ஒரு சொல்: ஓம்.

சோறு போடவா என்று கேட்டாலும் ஓம். போதுமா என்று கேட்டாலும் ஓம். இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறப்பார், வெளியே வருவது ஓம். வலது கையும் வலது காலும் விழுந்துவிட்டன. அறிவுக்கு ஒன்றும் ஆகவில்லை, சொல் வாய்க்கு வருகிற வழிதான் அடைபட்டிருக்கிறது என்று பெரியாஸ்பத்திரியில் சொன்னார்கள். கொஞ்ச நாளில் எனக்குப் பழகிவிட்டது. குரல் தணிந்து மெதுவாக வந்தால் அது உண்மையான ஓம். பல்லைக் கடித்தபடி இரண்டு மூன்றாகக் கொட்டினால் அது இல்லை. வீட்டுக்கு வந்து போகிறவர்களுக்கெல்லாம் இதை விளக்கிச் சொல்லியிருந்தேன். அண்ணனுக்கும் சொல்லியிருந்தேன், ஆஸ்பத்திரி விறாந்தையில் வைத்து. அவர் தலையில் கை வைத்துக்கொண்டு அழுதார். அந்த அழுகை பொய் என்று இன்றும் என்னால் சொல்ல முடியவில்லை. அதுதான் கஷ்டம்.

என் கணவர் ஊர்காவற்றுறைக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இடையில் பஸ் ஓட்டியவர். கரம்பொன்னில் ஏறுகிற ஆச்சிமாரும், வேலணையில் ஏறுகிற பள்ளிக்கூடப் பிள்ளைகளும் அவரை முறை சொல்லித்தான் கூப்பிடுவார்கள். வருத்தம் வந்த பிறகு கிழமைக்கு இரண்டு முறை அவரைப் பயிற்சிச் சிகிச்சைக்கு யாழ்ப்பாண ரவுணுக்குக் கொண்டுபோக வேண்டியிருந்தது. முதல் தடவை பஸ்ஸில் போனோம். அவரோடு வேலை செய்த கொண்டக்டரும் இன்னொருவரும் கக்கத்தில் கை கொடுத்து அரிசி மூட்டையை ஏற்றுவதுபோல அவரை மிதிபலகையில் ஏற்றினார்கள். சறம் நழுவியது. நான் இழுத்துச் செருகினேன். பஸ்ஸுக்குள் இருந்த எல்லோரும் மறுபக்கம் பார்த்தார்கள். அவர் வழி முழுக்க ஜன்னலுக்கு வெளியே முகத்தைத் திருப்பி வைத்திருந்தார். வீட்டுக்கு வந்த பிறகு, அடுத்த கிளினிக்குக்குப் போக பஸ் என்று நான் வாயெடுத்ததும், ஓம் ஓம் ஓம் என்று கத்தித் தலையணையைத் தூக்கி எறிந்தார்.

ஓட்டோவில் போய்ப் பார்த்தோம். தீவில், சரவணையில் இருக்கிற எங்கள் வீட்டிலிருந்து யாழ்ப்பாணத்துக்குக் கடல் கடக்கிற பண்ணைப் பாலம் வரை குலுங்கிக் குலுங்கி, பிடித்திருக்க ஒரு கை மட்டும் இருக்கிற மனிதரை நான் என் தோளால் முட்டுக்கொடுத்தபடியே போக வேண்டியிருந்தது. அதனால்தான் கார் வாங்கும் எண்ணம் வந்தது. வெளிநாட்டு வாகனங்கள் நாட்டுக்குள் வராமல் நின்றுபோயிருந்த காலம். இருபது முப்பது வருடம் ஓடிக் களைத்த கார்களெல்லாம் தங்கத்தைப் போல விலை பேசப்பட்டன. என்னிடம் லைசன்ஸ் இருந்தது. கல்யாணமான புதிதில் என் கணவர்தான் வற்புறுத்தி எடுக்க வைத்தவர். நான் ஒரு கந்தோரில் எழுதுவினைஞர், மாதச் சம்பளக்காரி. எங்களுக்குக் கட்டுப்படியாகிற பழைய கார் ஏதாவது கிடைக்குமா என்று தெரிந்தவர்களிடம் சொல்லி வைத்திருந்தேன்.

அது அண்ணன் காதில் விழுந்தது. அவர் பக்கத்துத் தீவில், இறுப்பிட்டியில் இருக்கிறார், அண்ணியின் வீட்டில். வெள்ளை நிறத்தில் ஒரு ஜப்பான் கார் வைத்து ஹயருக்கு ஓட்டிக்கொண்டிருந்தார். ஒரு பின்னேரம் வந்து முற்றத்தில் கதிரையைப் போட்டு உட்கார்ந்தார்.

"கார் தேடுறியாமெல்லே? ஏன் ஊரெல்லாம் சொல்லித் திரியிறாய்? வெளியிலை வேண்டினால் சுத்திப் போடுவாங்கள். என்ரை காரை எடு."

"அப்ப உங்கடை ஹயர் ஓட்டம்?"

"எனக்கினி ஏலாது பிள்ளை, முதுகு பிடிச்சுப்போட்டுது. மச்சானைக் கொண்டு திரியிறதுக்கு நல்ல வாகனமொண்டு வேணும். அது பிறத்தியிட்டைப் போறதை விட உன்னட்டை இருக்கிறது எனக்கு நிம்மதி."

அன்று அவர் போன பிறகு சாமிப்படத்துக்கு முன்னால் விளக்குக் கொளுத்தினேன். எனக்கும் ஒருவர் இருக்கிறார் என்று நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை நானும் என் கணவரும் ஓட்டோ பிடித்து, கடலுக்குக் குறுக்கே போகிற தாம்போதி றோட்டைக் கடந்து இறுப்பிட்டிக்குப் போனோம். கார் கழுவித் துடைத்து படலைக்கு வெளியே நின்றது. இஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. அண்ணன் சிரித்துக்கொண்டு வந்தார்.

"இப்பதான் கோயிலடிக்குப் போட்டு வந்தனான். சத்தத்தைக் கேள். பூனை மாதிரி இருக்கு."

என் கணவர் ஓட்டோவில் இருந்து இறங்கி, ஊன்றுகோலை இடுப்பில் சாய்த்துவிட்டு, இடது உள்ளங்கையைக் காரின் பொனற்றில் வைத்தார். சுட்டதுபோலக் கையை எடுத்தார். என்னைப் பார்த்தார். பிறகு முன் ரயருக்குப் பக்கத்தில் போய் நின்று, ஊன்றுகோல் நுனியால் அதன் உள்பக்கத்தைத் தட்டிக் காட்டினார். வெளிப்பக்கம் பூ வேலைப்பாடு போலத் தெளிவாக இருந்தது. உள்பக்கம் மொழுமொழுவென்று தேய்ந்திருந்தது. அதற்கு என்ன அர்த்தம் என்று அப்போது எனக்குத் தெரியாது. முன்பக்கம் ஏதோ வளைந்திருக்கிறது அல்லது தளர்ந்திருக்கிறது என்று அர்த்தமாம்.

முன் சீற்றில் அவரை இருத்தினோம். உள்ளே சாம்பிராணி வாசமும் வேறேதோ சென்ற் வாசமும் கலந்து தலையிடித்தது. அவர் சீற் பெல்ற்றைப் பிடித்து, இனி வராது என்கிற மட்டும் இழுத்தார். உள்ளே சுருண்டிருந்த பகுதி வெளியே வந்தது. அதில் குறுக்காக ஒரு பழுப்புக் கோடு, அதற்குக் கீழே முழுக்கக் கறை. அவர் அதை என் கண்ணுக்கு நேரே தூக்கிப் பிடித்தார்.

"அது மழைத்தண்ணி," என்றார் அண்ணன். "கண்ணாடியைத் திறந்து விட்டுட்டன் ஒருநாள்."

"ஓம்," என்றார் என் கணவர். பிறகு, "ஓம், ஓம், ஓம்!" டாஷ்போர்ட்டில் இடது கையால் ஓங்கி அடித்தார்.

அண்ணன் கைதட்டிச் சிரித்தார். "பாத்தியே? பஸ் ஓடின மனிசன், அவரே ஓம் எண்டுட்டார். இனி என்ன?"

எனக்குப் புரிந்திருந்தது. அந்த ஓமின் அர்த்தத்தை உலகத்தில் எவரையும் விட எனக்கு நன்றாகத் தெரியும். நான் சொன்னேன்:

"அண்ணை, இவர் வேண்டாமெண்டுறார் போலக் கிடக்கு. ஒருக்கால் ஆரும் மெக்கானிக்கிட்டைக் காட்டிப்போட்டு முடிவெடுப்பமோ?"

அண்ணனின் முகம் சுருங்கியது. தட்டில் தேத்தண்ணியோடு வந்த அண்ணி பாதி வழியில் நின்றுவிட்டார்.

"என்ரை காரைப் பாக்க மெக்கானிக்கோ? நான் என்ன, உனக்கு ரோட்டாலை போறவனோ? அம்மா இருந்திருந்தால் இந்தக் கதை கேட்டு நெஞ்சு வெடிச்செல்லோ செத்திருப்பா." குரல் உடைந்தது. "சரி விடு. உனக்கு வேண்டாமெண்டால் வேண்டாம். வேறை ஆக்கள் கேட்டுக்கொண்டுதான் இருக்கினம். தங்கச்சி எண்டுதான் உன்னைக் கூப்பிட்டனான்."

எந்த இடத்தில் அழுத்தினால் எனக்கு வலிக்கும் என்று, என்னோடு ஒரே பாயில் படுத்து வளர்ந்தவருக்குத் தெரியாமல் இருக்குமா? நான் தேத்தண்ணியை வாங்கிக் குடித்தேன். அதோடு பேச்சு முடிந்தது.

காரை வீட்டுக்குக் கொண்டுவந்த மறுநாள் காலை, ஆறிப்போய் நின்ற இஞ்சினை முதன்முதலாக நான் ஸ்ராட் பண்ணினேன். இருமிக்கொண்டு நின்றுவிட்டது. மறுபடியும் மறுபடியும் திறப்பைத் திருகினேன். கடைசியில் உடம்பு முழுக்க உதறியபடி எடுத்தது. பின்னால் வெள்ளைப் புகை கிளம்பி, கிணற்றடியையும் வாழையையும் மூடியது. கோழிகள் வேலிக்கு அப்பால் ஓடின. என் கணவர் விறாந்தையில் கண்ணை மூடிக்கொண்டு அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். கார் பார்க்கப் போன அன்று நாங்கள் போகுமுன்பே அண்ணன் ஏன் இஞ்சினைச் சூடாக்கி வைத்திருந்தார் என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது. சூடேறிவிட்டால் புகை அடங்கிவிடும். சத்தமும் அடங்கிவிடும். இஞ்சின் பழுதைச் சொல்வது ஆறிய நிலையில் எடுக்கும் அந்த முதல் நிமிடத்தில்தான்.

தெரிந்தும் ஓட்டினேன். வேறு என்ன செய்வது? ரேடியேற்றரில் ஒவ்வொரு நாளும் தண்ணீர் குறைந்தது. கீழே ஒரு சொட்டும் ஒழுகாமல் எங்கே போகிறது என்று தெரியவில்லை. போத்தல்களில் தண்ணீர் நிரப்பி டிக்கிக்குள் வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தோம். அவர் என் பக்கத்தில் இருந்து வெப்பம் காட்டுகிற முள்ளையே பார்த்துக்கொண்டிருப்பார். றோட்டைப் பார்க்கவே மாட்டார்.

ஒரு நாள் கிளினிக் முடிந்து திரும்பி வருகையில், பண்ணைப் பாலத்தின் நடுவில் அந்த முள் விறுவிறுவென்று மேலே ஏறியது. அவர் என் தொடையில் அடித்தார். நான் ஓரமாக்குவதற்குள் பொனற் இடுக்குகளால் ஆவி சீறியது. கார் நின்றது. இரண்டு பக்கமும் கடல். தலைக்கு மேலே நல்ல வெயில். கதவைத் திறந்தால் காற்று அதைப் பிடுங்கிக்கொண்டு போகப் பார்த்தது. பொனற்றைத் திறக்கப் போன என்னை அவர் சத்தம் போட்டு நிறுத்தினார். கொதிக்கிற ரேடியேற்றரைத் திறந்தால் முகம் வெந்துபோகும் என்று எனக்குத் தெரியாது. அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு அவர் என் முகத்தைக் காப்பாற்றினார்.

ஊர்காவற்றுறை பஸ் ஒன்று வந்து நின்றது. ஓட்டிக்கொண்டு வந்தவர் இவரோடு பல வருடம் வேலை செய்தவர். ஓடி இறங்கி வந்தார்.

"ஐயோ, அண்ணையெல்லே! இந்த வெயிலுக்கை... வாங்கோ, வாங்கோ, பஸ்ஸிலை ஏத்துவம்."

மறுக்க வழியில்லை. திரும்பவும் கக்கத்தில் கை. திரும்பவும் மிதிபலகை. இந்த முறை பஸ் நிறைய ஆட்கள். ஒரு பெண் எழுந்து இடம் கொடுத்தாள். அவர் உட்கார்ந்து, நல்ல கையால் முகத்தை மூடிக்கொண்டார். விரல்களுக்கிடையால் கண்ணீர் ஒழுகியது. சாரதி அதைக் கண்ணாடியில் கண்டிருக்க வேண்டும். அதற்குப் பிறகு வேலணை வரை அவர் ஒருமுறைகூடப் பின்னால் பார்க்கவில்லை. எதற்காக அந்தக் காரை வாங்கினேனோ அது அன்று அந்தப் பஸ்ஸில் என் கண் முன்னால் நாசமானது.

காரை இழுத்து வந்து ஒரு கராஜில் விட்டோம். அங்கே இருந்தவர் அவசரக்காரர், முகத்தைப் பார்த்துக் கதைக்காதவர். ஒயில் ஊற்றுகிற மூடியைக் கழற்றி என் பக்கம் நீட்டினார். அதன் உள்பக்கத்தில் பால் தேத்தண்ணி ஆடை மாதிரி ஒரு பசை.

"தண்ணியும் ஒயிலும் கலந்துபோச்சு. இஞ்சின்ரை தலைப் பக்கத்துக் கஸ்கெற் தகடு கிழிஞ்சுபோச்சு. தண்ணி வெளியிலை ஒழுகேல்லை, உள்ளுக்கை குடிச்சிருக்கு. வெள்ளைப் புகை வந்திருக்குமே?"

"வந்தது."

காரை உயர்த்தி, ஸ்குறூ டிறைவரை எடுத்துக் கீழ்ப்பக்கத்தில் குத்தினார். புதிதாகப் பூசியிருந்த கறுப்பு மை அப்பளம் போல உடைந்து, அதற்குப் பின்னால் துரு பொலுபொலுவென்று நிலத்தில் கொட்டியது. பிரேக் குழாயும் அரித்திருந்தது. காலுக்குக் கீழே விரித்திருந்த கம்பளத்தைக் கிளப்பினார். உலர்ந்த சேறு, அதில் பொடிச் சிப்பி.

"உப்புத் தண்ணிக்கை நிண்ட கார்," என்றார். "ஆரிட்டை வேண்டினனீங்கள்?"

"தெரியாத ஆள்," என்றேன். அந்த நேரத்திலும் என் வாய் அண்ணனைக் காப்பாற்றத்தான் பார்த்தது.

அவர் முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தார். "ஏன் பொய் சொல்லுறியள்? இறுப்பிட்டிக்காரர் உங்கடை அண்ணையெல்லே? போன மாரியிலை தாம்போதி றோட்டிலை கடல் ஏறின நேரம் மறிக்க மறிக்க ஓட்டிக்கொண்டு போய் நடுவிலை நிப்பாட்டினவர். இஞ்சைதான் கொண்டு வந்தது. திருத்தினால் காரின்ரை விலை வரும், வித்துத் தள்ளுங்கோ எண்டு நான்தான் சொன்னனான்."

"இந்தக் கறுப்பு மை?"

"நான்தான் பூசினது. பூசச் சொன்னவர், பூசினன்." ஸ்குறூ டிறைவரைத் துணியில் துடைத்தார். "எனக்கு அது தொழில். வேண்டுற ஆள்தான் பாத்து வேண்டவேணும். உங்களுக்குத் தாறாரெண்டு எனக்குத் தெரியாது, தங்கச்சி."

தெரிந்திருந்தால் என்ன செய்திருப்பார் என்று நான் கேட்கவில்லை.

மறுநாள் கந்தோருக்கு லீவு போட்டுவிட்டு, பஸ் ஏறி இறுப்பிட்டிக்குப் போனேன். அண்ணன் மாட்டுக்கு வைக்கோல் போட்டுக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் விஷயம் விளங்கிவிட்டது. ஆனாலும் வைக்கோலை உதறிக்கொண்டே இருந்தார்.

"பழைய கார் எண்டால் பழுது வரும்தானே," என்றார், நான் எதுவும் கேட்காமலே.

"கடல் தண்ணிக்கை நிண்டதெண்டு ஏன் சொல்லேல்லை?"

"நீ கேட்டனியோ? மச்சான் எல்லாம் பாத்துத்தானே ஓம் எண்டவர்."

"அவருக்கு அந்த ஒரு சொல்தான் வருமெண்டு உனக்குத் தெரியும்."

என் வாழ்க்கையில் அன்றுதான் முதன்முதலாக அவரை நீ என்றேன். அவர் வைக்கோலைக் கீழே போட்டார். அழுவார், அம்மாவை இழுப்பார் என்று நினைத்தேன். அவர் செய்யவில்லை. குரலை உயர்த்தாமல், பல காலமாக மனதுக்குள் சொல்லிப் பார்த்த பேச்சைப் போலச் சொன்னார்:

"வீடு வளவு எல்லாம் உனக்குச் சீதனமாக் குடுத்தினம். எனக்கு என்ன தந்தவை? நான் பொண்டாட்டி வீட்டிலை கிடக்கிறன். நீ மாதம் முடியச் சம்பளம் எடுக்கிறாய். ஒரு காரை வித்தனான் எண்டு கேக்க வந்திட்டாய்."

அண்ணி குசினி வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். எங்கள் ஊரில் பெண்ணுக்கு வீடு கொடுப்பது வழமை. அந்தச் சீதன உறுதிப் பத்திரத்தில் அண்ணனும் கையெழுத்து வைத்தவர். கல்யாண வீட்டில் பந்தலுக்குக் கம்பு நட்டவர், என்னைக் காரில் ஏற்றிவிட்டு மறைவில் போய் அழுதவர். அவ்வளவு காலமும் அவருக்குள் இது இருந்திருக்கிறது. ஏமாற்றினேன் என்று அவர் நினைக்கவில்லை. கணக்குத் தீர்த்தேன் என்றுதான் நினைத்தார்.

கார் கடைசியில் உதிரிப்பாகங்களுக்குப் போனது. அதற்கு முதல் ஒருவர் முழுதாக வாங்குவதற்கென்று குடும்பத்தோடு வந்தார். எல்லாப் பழுதையும் காட்டினேன். ஒயில் மூடியைக் கழற்றிக் கையில் கொடுத்தேன். அவர் தன் மனைவியைப் பார்த்தார், நன்றி சொல்லிவிட்டுப் போய்விட்டார். இரண்டொரு நாளில் அண்ணன் ஃபோன் எடுத்து, ஊர் முழுக்கத் தன் பெயரைக் கெடுத்துவிட்டேன் என்று கத்தினார். நான் அண்ணனின் பெயரை எவரிடமும் சொல்லியிருக்கவில்லை. தீவில் அதற்குத் தேவையுமில்லை.

கந்தோரில் கூட வேலை செய்கிற ஒரு அக்கா தன் மகனுக்குப் பழைய கார் பார்க்கப் போகும்போது என்னையும் கூட்டிப் போனார். விடியவே போகச் சொன்னேன், போகிற நேரத்தையும் சொல்ல வேண்டாம் என்றேன். கம்பளத்தைக் கிளப்பிப் பார்த்தேன். பாயை விரித்துக் காரின் கீழே படுத்துப் பார்த்தேன். ஒவ்வொரு கியராகப் போட்டுப் பார்க்கச் சொன்னேன். விற்க வந்த மனிதருக்குக் கோபம் வந்துவிட்டது.

"என்ன அம்மா, கள்ளனைப் பிடிக்க வந்தனீங்களோ?"

"ஓம்," என்றேன்.

திரும்பி வருகிற வழியில் அந்த அக்கா என்னோடு அதிகம் கதைக்கவில்லை. இப்படிக் கேட்டிருக்க வேண்டாம் என்பதுபோல இருந்தார். அதன் பிறகு ஒருவரும் என்னைக் கூப்பிடவில்லை.

கார் நின்ற பிறகு என் கணவர் சிகிச்சைக்குப் போக மறுத்துவிட்டார். எவ்வளவு கெஞ்சியும் பஸ்ஸில் ஏறவில்லை. பின் சீற்றுக்கு மெத்தை போட்டு மெதுவாக ஓட்டுகிற ஒரு ஓட்டோக்காரர் கிடைக்கிறவரை மாதங்கள் போய்விட்டன. திரும்பப் போனபோது பயிற்சி கொடுக்கிற பெண் அவருடைய வலது கையைத் தூக்கிப் பார்த்தார். மூடிய விரல்களை விரிக்க முயன்றார். விரியவில்லை. "இவ்வளவு நாளும் விட்டிருக்கக் கூடாது" என்று என்னிடம் மெல்லச் சொன்னார். அவர் கோபமாகச் சொல்லவில்லை. என் கணவருக்கு அது கேட்டது.

போன ஆனியில் நயினாதீவுத் திருவிழாவுக்குப் போனேன். குறிகட்டுவான் துறையில் வள்ளத்துக்குள் ஒரே சனம். உள்ளே இறங்கிய பிறகுதான் பலகையில் அண்ணனும் அண்ணியும் இருப்பதைக் கண்டேன். அண்ணன் மெலிந்திருந்தார். தலைமயிர் நரைத்திருந்தது. அண்ணி நகர்ந்து, கையால் பலகையைத் தட்டினார்.

"இஞ்சை இருமன்."

"இல்லை, நிக்கிறன்."

"அவர் எப்பிடி இருக்கிறார்?"

"இருக்கிறார்."

அண்ணன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். இஞ்சின் சத்தத்தில் கேட்கவில்லை. நான் காது கொடுக்கவுமில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு தீவு வரும்வரை நின்றேன். இறங்குகிற நேரம் அலையில் வள்ளம் ஆடியது, எனக்கு முன்னால் இறங்கியிருந்த அண்ணன் கையை நீட்டினார். அவருக்குப் பின்னால் நின்ற, முன்பின் தெரியாத ஒரு மனிதரின் கையைப் பிடித்து இறங்கினேன்.